கால் தசைகளின் இழுபறியும் குழிப்பாதமும்

உடல் எடை முழுதும் இறங்கிய பிறகும் பாதத்தின் உள்வளைவு இறங்காமல் மிக உயர்ந்தே நிற்பது குழிப்பாதம். தட்டைப் பாதத்துக்கு இது நேர் எதிர். நோய் எதுவும் இல்லாமலே வளைவு சற்று உயர்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் ஆயுள் முழுதும் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடக்கிறார்கள். ஆனால் வளைவு ஆண்டுக்கு ஆண்டு ஏறினாலும், குதிகால் உட்புறம் சாய்ந்தாலும், விரல்கள் நகம்போல் மடங்கினாலும் காரணத்தைப் பாதத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் அது முழங்காலுக்குக் கீழே, கணைக்காலின் தசைகளில் இருக்கிறது. அந்தத் தசைகளுக்கு ஆணையிடும் நரம்பிலோ தண்டுவடத்திலோ கூட இருக்கலாம். வளைவின் உயரத்தை அளப்பதைவிட, எந்தத் தசை தளர்ந்தது, எது எதிர்ப்பின்றி இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. இந்த அத்தியாயம் அந்த வேலைக்கான வழிகாட்டி. கோலார் தங்கவயலின் சுகாதாரப் பணியாளர்கள், இயன்முறைப் பயிற்சியாளர்கள், நோயாளியின் வீட்டார் ஆகியோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

எதிரெதிராக இழுக்கும் இணைகள்

பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை வலுவாக அசைக்கும் தசைகளின் சதைப்பகுதி கணைக்காலில் இருக்கிறது. தசைநாண்கள் மட்டும் கணுக்காலைச் சுற்றிப் பாதத்துக்குள் இறங்குகின்றன. இவை இணை இணையாக, ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. குழிப்பாதத்தைப் புரிந்துகொள்ள நான்கு இணைகள் தெரிந்தால் போதும்.

முதல் இணைதான் மிக முக்கியம். கணைக்கால் எலும்பின் முன்புறம் விரலால் தொட்டால் தெரியும் முன்கணைத் தசையை மருத்துவர்கள் டிபியாலிஸ் ஆன்டீரியர் என்று எழுதுவார்கள். அது பாதத்தை மேலே தூக்குகிறது. அதன் நாண் கட்டைவிரல் எலும்புவரிசையின் அடிப்பகுதியில் வந்து முடிகிறது. கணைக்காலின் வெளிப்புறத்தில் பெரோனியஸ் லாங்கஸ் இருக்கிறது. அதன் நாண் வெளிக்கணுவின் பின்புறமாக இறங்கி, உள்ளங்காலைக் குறுக்கே கடந்து, அதே கட்டைவிரல் வரிசையின் அடிப்புறத்தைப் பிடிக்கிறது. ஆக, ஒரே எலும்பை ஒரு தசை மேலே தூக்க, மற்றது கீழே அழுத்துகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை வளைவு அளவோடு இருக்கும். முன்கணைத் தசை தளர்ந்து பெரோனியஸ் லாங்கஸ் பழைய வலுவோடு இருந்தால், கட்டைவிரல் வரிசை தரையை நோக்கி இறங்கும். அதன் முன்முனை தாழ, பாதத்தின் நடுப்பகுதி உயரும். குழிப்பாதத்தின் தொடக்கம் இதுவே.

இரண்டாவது இணை பக்கவாட்டில் இழுப்பது. கணைக்காலின் ஆழத்தில் இருக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் பாதத்தை உட்புறம் திருப்பி வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. சுண்டுவிரல் எலும்பின் அடியில் ஒட்டியிருக்கும் பெரோனியஸ் பிரெவிஸ் பாதத்தை வெளிப்புறம் திருப்புகிறது. பெரோனியஸ் பிரெவிஸ் தளர்ந்தால் குதிகால் உட்புறம் சாயும். அப்போது உடலின் பாரம் பாதத்தின் வெளிவிளிம்பில் விழும்.

மூன்றாவது, கெண்டைக்கால் தசைக்கும் பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கும் இடையிலானது. நான்காவது பாதத்துக்குள்ளேயே நடப்பது. விரல்களை நேராக வைத்திருக்கும் சிறு தசைகள் மெலிந்தால், கணைக்காலிலிருந்து வரும் நீண்ட நாண்கள் விரல்களைத் தம் போக்கில் இழுக்கின்றன. விரலின் அடிமூட்டு மேலே நிமிர்ந்து, நடுமூட்டும் நுனிமூட்டும் கீழே மடங்குகின்றன. இதற்கு நகவிரல் என்று பெயர்.

நகவிரல் வளைவை மேலும் ஏற்றுகிறது. உள்ளங்காலின் தோலுக்கடியில் குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. விரல்கள் நிமிரும்போது அந்தப் பட்டை விரல் மூட்டுகளின் மேல் சுற்றிக்கொண்டு இறுகி, குதிகாலையும் முன்பாதத்தையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. இந்த இயக்கத்தை ஜே. எச். ஹிக்ஸ் 1954-இல் விளக்கினார். ஆரோக்கியமான பாதத்தில் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் இது ஒரு கணம் நடந்து விலகுகிறது. நகவிரல் உள்ளவருக்கு விரல்கள் எப்போதும் நிமிர்ந்தே இருப்பதால் பட்டை எப்போதும் இறுகியே இருக்கிறது. சில ஆண்டுகளில் அது நிரந்தரமாகச் சுருங்கிவிடும். தசைக்கோளாறாகத் தொடங்கியது நார்க்கோளாறாகி, வளரும் பிள்ளைகளுக்கு எலும்புக்கோளாறாக முடிகிறது.

பரம்பரை நரம்புநோய்

இருபாதங்களிலும் மெல்ல மெல்லக் குழி ஏறினால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது சார்கோ-மாரி-டூத் நோய். பாரிஸில் ழான் மார்ட்டின் சார்கோவும் பியர் மாரியும், இங்கிலாந்தில் ஹோவர்டு ஹென்றி டூத்தும் 1886-இல் தனித்தனியே இதை விவரித்தார்கள். பரம்பரையாக வரும் நரம்புநோய்களில் இதுவே மிகப் பரவலானது. ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இதன் வகைகளில் அதிகம் காணப்படுவது, 17-ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 என்ற மரபணு இரட்டிப்பதால் வருவது. இந்த இரட்டிப்பு 1991-இல் கண்டறியப்பட்டது.

இந்நோய் மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. அதனால் பாதத்தின் சிறு தசைகள் முதலில் மெலிகின்றன. அடுத்து முன்கணைத் தசையும் பெரோனியஸ் பிரெவிஸும் தளர்கின்றன. பெரோனியஸ் லாங்கஸும் டிபியாலிஸ் போஸ்டீரியரும் கெண்டைக்காலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. மேலே சொன்ன இணைகளோடு ஒப்பிட்டால் விளைவு தானே விளங்கும். கட்டைவிரல் வரிசை தாழ்கிறது, குதிகால் உட்புறம் சாய்கிறது, விரல்கள் மடங்குகின்றன. முன்கணைத் தசை செய்ய வேண்டிய வேலையை விரல்களை நிமிர்த்தும் நாண்கள் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு அடியிலும் பாதத்தைத் தூக்க முயல்கின்றன. அதனால் விரல்கள் இன்னும் நிமிர்ந்து நகவிரல் கூடுகிறது.

வீட்டார் கவனிப்பது வேறு விதமாக இருக்கும். பையன் ஓடும்போது அடிக்கடி இடறி விழுவான். கால் அடிக்கடி பிசகும். சுளுக்கு எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி பிசகும். செருப்பின் வெளிவிளிம்பு மட்டும் சீக்கிரம் தேயும். கட்டைவிரலின் அடிமேட்டிலும் சுண்டுவிரலின் அடிமேட்டிலும் காய்ப்பு ஏறும். விரல்மூட்டுகளின் மேல் கால்ஆணி வரும். கணைக்கால் கீழ்ப்பகுதியில் சதை வற்றி ஒல்லியாகும். இன்னும் முற்றினால் பாதம் தொங்கி, படி ஏறுவதுபோல் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி நடப்பார்கள். தங்கவயலின் மேடுபள்ளமான லைன் தெருக்களில் இது தினசரிச் சிரமம். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலோ உரிகத்திலோ ரயிலேறிப் பெங்களூரு வரை நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவர்களுக்கு, பாதத்தின் வெளிவிளிம்பில் வலி மாலைக்குள் தாங்க முடியாததாகிவிடும். சுண்டுவிரல் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதும் இதே பாரத்தால்தான். பாதத்தின் வெளிவிளிம்பில் ஒரே இடத்தில் வலி நிலைத்தால் எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

போலியோவின் குழிப்பாதம்

இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் பதிவானார்; 2014 மார்ச் 27-இல் இந்தியா உள்ளிட்ட தன் தென்கிழக்கு ஆசிய மண்டலத்தைப் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் சிறுவயதில் போலியோ தாக்கி இன்று நடுவயதையோ முதுமையையோ எட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களின் குழிப்பாதம் முன்சொன்னதிலிருந்து மாறுபட்டது. பெரும்பாலும் ஒரே காலில் இருக்கும். தொடு உணர்வு குறைந்திருக்காது.

போலியோ கெண்டைக்கால் தசையைத் தளர்த்திவிட்டால் குதிகால் எலும்பைப் பின்னாலிருந்து மேலே இழுக்க ஆளில்லாமல் போகிறது. கால் விரல்களை மடக்கும் நீண்ட தசைகளும் டிபியாலிஸ் போஸ்டீரியரும் பெரோனியஸ் லாங்கஸும் முன்பாதத்தை மட்டும் கீழே இழுக்கின்றன. குதிகால் எலும்பு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். நடை குதிகாலை ஊன்றியே போகும், முன்பாதத்தால் உந்தும் விசை இராது. பார்வைக்கு இதுவும் குழிப்பாதம்தான். ஆனால் இங்கே தளர்ந்தது கெண்டைக்கால். பரம்பரை நரம்புநோயில் தளர்ந்தது முன்கணை. ஒருவருக்குச் செய்த அறுவைச் சிகிச்சையை மற்றவருக்குச் செய்தால் கேடு விளையும்.

போலியோவிலிருந்து தேறியவர்களுக்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் புதிதாகச் சோர்வும் தசைத் தளர்ச்சியும் வருவதுண்டு. அவர்களைக் கடுமையாக உடற்பயிற்சி செய்யச் சொல்வது தவறு. களைத்துப்போகும் முன் நிறுத்துவதே அவர்களுக்கான பயிற்சி விதி.

சுருங்கிய தசை, நசுங்கிய கால்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு தசை தளர்ந்து எதிர்த்தசை வெல்வதால் வருபவை. எதிர்த்தசை தளராமலும் இழுபறி வரலாம்: ஒரு தசை வலுவிழந்திருந்தாலும் நீளம் குறைந்துவிட்டால், அதுவும் விடாமல் இழுக்கும். கணைக்கால் நசுங்கிய பிறகு வரும் குழிப்பாதம் இந்த வகை.

தங்கவயலில் இதைத் தனியாக விளக்கக் காரணம் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும் வரை, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவரும் கூரையும் வெடித்துச் சிதறும். விழும் பாறையில் கால் சிக்குவது சுரங்கத் தொழிலின் அடிப்படை அபாயங்களில் ஒன்று.

கணைக்காலின் தசைகள் நீட்சியில்லாத உறைகளுக்குள் அறை அறையாக அடைபட்டிருக்கின்றன. நசுங்கிய கால் வீங்கும்போது உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நிற்கிறது. சில மணி நேரத்துக்குள் உறையை நீளவாக்கில் கீறித் திறக்காவிட்டால் தசை செத்து, பிறகு தழும்பாகி, சுருங்குகிறது. பின்புற ஆழறை இப்படி இறந்தால் டிபியாலிஸ் போஸ்டீரியரும் விரல்களை மடக்கும் தசைகளும் குட்டையாகின்றன. சில மாதங்களில் பாதம் உட்புறம் திரும்பிக் குழிந்து, விரல்கள் மடங்கிவிடும். இதற்கு ஒரு தெளிவான சோதனை உண்டு: பாதத்தைக் கையால் மேலே தள்ளினால் விரல்கள் இறுக மடங்கும், பாதத்தைக் கீழே தாழ்த்தினால் விரல்கள் தளர்ந்து நிமிரும். தசை குட்டையாகியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

சுரங்கம் மூடி ஆண்டுகள் பல ஆனாலும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டிய தேவை போகவில்லை. பைக் விபத்திலும் கட்டட வேலையிலும் கணைக்கால் எலும்பு முறிகிறவர்களுக்கும் இதே நேரலாம். மாவுக்கட்டு போட்ட பிறகு வலி குறையாமல் ஏறினாலோ, விரல்களை யாராவது நிமிர்த்தினால் உயிர்போகும் வலி எடுத்தாலோ, மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

தொழுநோயும் சர்க்கரை நோயும்

தொழுநோய் முழங்காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பைத் தாக்கினால் பாதம் தொங்கும். உட்கணுவுக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தாக்கினால் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் நகம்போல் மடங்கும். சர்க்கரை நோய் நாட்பட்டவர்களுக்கும் சிறு தசைகள் மெலிகின்றன. இரு நோய்களிலும் வடிவத்தைவிடப் பெரிய ஆபத்து உணர்வின்மை. விரலடி மேட்டில் பாரம் குவிய, வலி தெரியாததால் நடந்துகொண்டே இருப்பார்கள். காய்ப்புக்குக் கீழே புண் ஆறாமல் ஆழமாகும். குழிப்பாதம் உள்ள எவருக்கும் உள்ளங்காலின் உணர்வைச் சோதிக்காமல் செருப்பைப் பற்றிப் பேசத் தொடங்கக் கூடாது.

எப்படிச் சோதிப்பது

நோயாளியை முழங்கால்வரை துணியை ஏற்றிக்கொண்டு வெறுங்காலில் நிற்கச் சொல்ல வேண்டும். முன்னால் இருந்து பார்க்கையில் உட்புறம் சாய்ந்த குதிகாலின் ஒரு பகுதி, கணுக்காலின் உட்பக்கத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் தெரியும். சாதாரணப் பாதத்தில் அது முன்னாலிருந்து தெரியாது. பிறகு பின்னால் வந்து குதிகாலின் சாய்வைப் பார்க்க வேண்டும். பாதத்தை நனைத்து சிமெண்ட் தரையில் ஓர் அடி வைக்கச் சொன்னால், குழிப்பாதத்தின் தடம் குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாக, நடுவில் மிகக் குறுகிய கோட்டோடு, சில சமயம் கோடே இல்லாமல் பதியும்.

அடுத்து நடை. குதிகாலில் நடக்க முடிகிறதா, பிறகு விரல்நுனியில் நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலில் நடக்க முடியாதவருக்கு முன்கணை தளர்ந்திருக்கிறது. விரல்நுனியில் ஏற முடியாதவருக்குக் கெண்டைக்கால். இந்த ஒரு நிமிடச் சோதனையே போலியோ வகையையும் பரம்பரை வகையையும் பெரும்பாலும் பிரித்துவிடும். பின்னர் நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, ஒவ்வொரு தசையையும் கையின் எதிர்ப்புக்கு எதிராக இயக்கச் சொல்லி, 0 முதல் 5 வரை மதிப்பெண் எழுத வேண்டும். அசைவே இல்லையென்றால் 0. புவியீர்ப்பை மட்டும் எதிர்த்து அசைத்தால் 3. முழு வலு 5. இரண்டு கால்களின் எண்களையும் தேதியோடு எழுதிவைப்பது அவசியம். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அடுத்த சோதனையை 1977-இல் கோல்மன், செஸ்ட்நட் இருவரும் விவரித்தார்கள். ஓர் அங்குலம் தடிமனுள்ள பலகை போதும். குதிகாலும் பாதத்தின் வெளிவிளிம்பும் பலகைமேல் இருக்க, கட்டைவிரல் பக்கம் பலகையின் விளிம்புக்கு வெளியே தாழ்ந்து தரையை நோக்கித் தொங்கும்படி நிற்கவைக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது, உட்புறம் சாய்ந்திருந்த குதிகால் இப்போது நேராகிவிட்டால், கோளாறு தாழ்ந்த கட்டைவிரல் வரிசையில் இருக்கிறது. குதிகால் இன்னும் இறுகிப்போகவில்லை. அந்த நிலையில் செருப்பிலோ அதன் உள் அட்டையிலோ செய்யும் சிறு மாற்றம் பலன் தரும். பலகையிலும் குதிகால் நேராகாவிட்டால் எலும்புமூட்டே இறுகிவிட்டது. அறுவை நிபுணரின் கருத்து தேவைப்படும்.

கெண்டைக்கால் இறுகியிருக்கிறதா என்பதை முழங்காலை நீட்டியும் மடக்கியும் பாதத்தை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு தவறு மிக எளிதாக நிகழ்கிறது. குழிப்பாதத்தில் முன்பாதம் தாழ்ந்திருப்பதால், கணுக்கால் நன்றாக மடங்கினாலும் பாதம் முழுதும் தாழ்ந்தே இருப்பதுபோல் தோன்றும். குதிநாண் குட்டையாகிவிட்டது என்று நினைத்து அதை அறுத்து நீளமாக்கினால், ஏற்கனவே தளர்ந்துவரும் காலில் உந்துவிசையும் போய்விடும். குதிகால் எலும்பையே கையால் பிடித்து, அது கணைக்காலோடு எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தால் உண்மை தெரியும். எக்ஸ்ரேயை நிற்கும் நிலையிலேயே எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்த படத்தில் இந்த வேறுபாடு தெரியாது.

அவசரமாக அனுப்ப வேண்டியவர்கள்

ஒரே காலில் மட்டும் குழி ஏறுவதும், ஓரிரு மாதங்களிலேயே வேகமாக மாறுவதும் தண்டுவடக் கட்டியையோ கீழ்முதுகில் தண்டுவடம் ஒட்டிக்கொண்டிருப்பதையோ குறிக்கலாம். கீழ்முதுகில் நடுக்கோட்டில் முடிக்கற்றை, குழி, கொழுப்புக்கட்டி ஆகியவை உண்டா என்று பிள்ளைகளின் முதுகைத் திறந்து பார்க்க வேண்டும். பல ஆய்வறைகளில் தவறிப்போவது இதுதான். சிறுநீர் அடக்க முடியாமை, மலச்சிக்கல் புதிதாக வருதல், முதுகுவலி, தள்ளாடும் நடை ஆகியவை இருந்தால் முதுகெலும்பின் எம்ஆர்ஐ தள்ளிப்போடக் கூடாது. பிள்ளைப் பருவத்தில் தள்ளாட்டமும் குழிப்பாதமும் சேர்ந்து வந்தால் ஃப்ரீட்ரைக் தள்ளாட்ட நோயையும் நினைக்க வேண்டும். அதில் இதயமும் பாதிக்கப்படுவதால் இதயப் பரிசோதனையும் தேவை.

தங்கவயலிலிருந்து மேற்படி பரிசோதனைக்கு மூன்று திசைகள் உண்டு. கோலாருக்கு அருகில் தமகாவில் உள்ள ஆர். எல். ஜாலப்பா மருத்துவமனை பக்கத்தில் இருப்பது. எலும்பு, நரம்பு மருத்துவ ஆலோசனைக்கு அங்கே தொடங்கலாம். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனைக்கும் பரம்பரை நரம்புநோயை உறுதிசெய்வதற்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ். பங்காருபேட்டை சென்று ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி இறங்கினால் வேலூர் சிஎம்சி. நரம்பின் வேகம் நொடிக்கு 38 மீட்டருக்கும் கீழே இருந்தால் நரம்பின் உறை பழுதடைந்த வகை என்று கொள்வார்கள். செல்லும்போது பழைய எக்ஸ்ரே, தசை மதிப்பெண் எழுதிய தாள், குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படிப் பாதம் இருக்கிறது என்ற பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். தாய், தந்தையின் பாதங்களையும் காட்டுவது நல்லது. இலேசான வகை உள்ள பெற்றோர் பலருக்குத் தமக்கும் அதே நோய் இருப்பது தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியவை

தளர்ந்த தசையைப் பயிற்சியால் மீட்டுவிடலாம் என்று யாரும் வாக்களிக்கக் கூடாது. நரம்பே பழுதானபோது அது நடவாது. பயிற்சியின் நோக்கம் இரண்டு: வெல்லும் தசை குட்டையாகிவிடாமல் தடுப்பது, மீதமிருக்கும் வலுவைக் காப்பது.

சுவரில் கை ஊன்றி, பின்காலின் முழங்காலை நேராக வைத்து, குதிகால் தரையை விடாமல் முப்பது நொடி நிற்பது கெண்டைக்காலுக்கான நீட்சி. பிறகு அதே முழங்காலைச் சற்று மடக்கி மறுபடி. மூன்று முறை, தினமும். உட்கார்ந்து, ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னோக்கி மடக்கி உள்ளங்கால் பட்டையைக் கட்டைவிரலால் குறுக்கே தேய்ப்பது பட்டைக்கான நீட்சி. பாதத்தை வெளிப்புறம் திருப்பவும் மேலே தூக்கவும் பழைய சைக்கிள் டியூபின் நீண்ட துண்டு போதும். கட்டில் காலில் கட்டி, பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள் இழுக்கலாம். மறுநாளும் வலி நீடித்தால் அளவைப் பாதியாக்க வேண்டும். உணர்வில்லாத பாதத்துக்குத் தேய்ப்பதில் அளவு தெரியாது. அங்கே கையால் மெல்லச் செய்வது போதும்.

செருப்பு விஷயத்தில் பெரும் பிழை நடக்கிறது. கடைகளில் வளைவு தாங்கி என்று விற்கும் அட்டைகள் பெரும்பாலும் தட்டைப் பாதத்துக்காகச் செய்யப்பட்டவை. உட்புறத்தை மேலும் தூக்கிக் குதிகாலை இன்னும் சாய்த்துவிடும். குழிப்பாதத்துக்கு வேண்டியது நேர் எதிர்: வெளிப்புறம் சற்று உயர்ந்த ஆப்பு, கட்டைவிரலின் அடிமேடு தாழ்ந்து உட்காரச் சிறு பள்ளம், குதிகாலை அணைக்கும் கிண்ணம். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் எம்சிஆர் என்ற மென்மையான நுண்துளை ரப்பர்த் தகடு கொடுத்து, இயன்முறைப் பயிற்சியாளர் வரைந்து காட்டினால், அவர் செய்துதரும் ஆப்பும் பள்ளமும் போதுமான அளவுக்கு வேலை செய்யும். ஹவாய் செருப்பு வேண்டாம். அது கழன்றுவிடாமல் விரலால் பிடிக்கும் ஒவ்வோர் அடியிலும் நகவிரல் கூடும். பின்பட்டை உள்ள செருப்பே நல்லது. பாதம் தொங்குகிறவர்களுக்கு இலேசான கணுக்கால் தாங்கி நடையை உடனே மாற்றும். செருப்பைக் கழற்றாமல் நடக்கப் பழகும்வரை வீட்டார் பொறுமை காட்ட வேண்டும். இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்த்துச் சிவப்பு, கொப்புளம், பிளவு உண்டா என்று கவனிப்பது உணர்வில்லாதவருக்குத் தினக் கடமை. காய்ப்பைப் பிளேடால் வீட்டில் சீவக் கூடாது.

அறுவைச் சிகிச்சை

வலியோ விழுவதோ குறையாதபோதும், வளரும் பிள்ளைக்கு வளைவு ஏறிக்கொண்டே போகும்போதும் அறுவைச் சிகிச்சையை எண்ணலாம். முடிந்தவரை எலும்பு இறுகும் முன்பே செய்வது நல்லது. முதலில் சுருங்கிய உள்ளங்கால் பட்டையை விடுவிப்பார்கள். பிறகு இழுபறியைச் சமன்செய்யத் தசைநாணை இடம்மாற்றுவார்கள்: எதிர்ப்பின்றிக் கட்டைவிரல் வரிசையை அழுத்தும் பெரோனியஸ் லாங்கஸை பெரோனியஸ் பிரெவிஸோடு இணைத்தால், அது தன் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பாதத்தை வெளிப்புறம் திருப்பத் தொடங்கும். பாதம் தொங்கினால் டிபியாலிஸ் போஸ்டீரியரை எலும்புகளுக்கு ஊடாக முன்பக்கம் கொண்டுவந்து பாதத்தைத் தூக்கவைப்பார்கள். தமிழர்கள் பெருமிதத்தோடு நினைக்கக்கூடிய வரலாறு இதற்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் 1946 முதல் வேலூரில் பணியாற்றி, தொழுநோயால் முடங்கிய கைகளையும் பாதங்களையும் தசைநாண் மாற்றத்தால் மீட்கும் வழியைச் செம்மைப்படுத்தினார்; 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனை அந்தப் பணியின் தொடர்ச்சியானது.

இடம்மாற்றிய தசை ஒரு மதிப்பெண் வலுவை இழக்கும். 4-க்குக் குறைவான தசையை மாற்றுவதில் பயனில்லை. அதனால்தான் தசை மதிப்பெண்ணை எழுதிவைப்பது மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது. மாவுக்கட்டு ஏறத்தாழ ஆறு வாரம். அதன் பிறகு, புதிய இடத்தில் தசைக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பயிற்சி மாதக்கணக்கில் வேண்டும். இறுகிய குதிகாலை ஒரு பக்கம் வெட்டி நேராக்குவதும், தாழ்ந்த கட்டைவிரல் எலும்பை வெட்டி உயர்த்துவதும் தனி முறைகள். மூட்டுகளை நிரந்தரமாக ஒட்டவைப்பது கடைசி வழி; வயதான, மிகக் கெட்டிப்பட்ட பாதங்களுக்கு மட்டும்.

குடும்பம், மருந்து, சான்றிதழ்

பிஎம்பி22 இரட்டிப்பால் வரும் வகை ஆதிக்க முறையில் கடத்தப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. மற்ற சில வகைகளிலும் ஃப்ரீட்ரைக் நோயிலும், இரு பெற்றோரும் வெளித்தெரியாமல் சுமந்தால்தான் குழந்தைக்கு வரும். வாய்ப்பு 25 விழுக்காடு. தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ பெண் கொடுக்கும் குடும்பங்களில் இரு பெற்றோரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. யாரையும் குற்றவாளியாக்காமல், அடுத்த திருமணப் பேச்சுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறச் சொல்வது பணியாளரின் கடமை.

மருந்துகளில் வின்கிரிஸ்டின் மிகுந்த எச்சரிக்கைக்குரியது. சில புற்றுநோய்களுக்குத் தரப்படும் இந்த மருந்து சார்கோ-மாரி-டூத் உள்ளவர்களின் கால்களை வேகமாக முடக்கிவிடும். குடும்பத்தில் இந்நோய் உண்டு என்ற செய்தியைப் புற்றுநோய் மருத்துவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இயக்கக் குறைபாட்டையும் நாட்பட்ட நரம்பியல் நோய்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்றளித்தால், இடஒதுக்கீடு உட்பட்ட உரிமைகளைக் கோரலாம். அதற்கான யுடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு தசை மதிப்பெண், நரம்புச் சோதனை அறிக்கை, நிற்கும் நிலை எக்ஸ்ரே ஆகியவற்றின் நகலை இணைப்பது நல்லது. வளரும் பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பெரியவர்களை ஆண்டுக்கு ஒருமுறையும் மறுபடி சோதித்து, அதே தாளில் அடுத்த வரியில் புதிய எண்களை எழுதிவர வேண்டும்.